வெந்நீர் அக்கா

ஆஸ்பத்திரியின் மேல்மாடிகளில் வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேருக்கு அவள் பெயர் தெரியாது. லாண்ட்ரி அக்கா என்றால் எல்லோருக்கும் தெரியும். இருபத்தாறு வருஷமாகக் கீழ்த்தளத்தில், ஜன்னல் என்ற பேச்சே இல்லாத ஒரு நீள அறையில், ஆறு பெரிய இயந்திரங்களுக்கும் நாலு பெண்களுக்கும் அவள்தான் ராணி.

மூட்டை வந்து இறங்கியதும், பிரித்துப் பார்க்காமலேயே, "இது பிரசவ வார்டு, இது எலும்பு வார்டு, இது அந்தப் புது நர்ஸ் காபியைக் கொட்டின மூட்டை" என்று சொல்லிவிடுவாள். ரத்தக் கறை என்றால் பச்சைத் தண்ணீர், சீழ் என்றால் கொதிநீர், மருந்துக் கறை என்றால் முதலில் ஒரு திட்டு, அப்புறம் சோப்பு. ஒருமுறை அறுவை சிகிச்சை டாக்டர் ஒருவரின் சட்டைப் பையில் அவருடைய கல்யாண மோதிரம் கிடைத்தது. லிஃப்ட்டுக்குக்கூடக் காத்திராமல் ஐந்து மாடி ஏறிப் போய்க் கொடுத்தாள். கொடுத்த கையோடு, "வீட்டம்மா கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?" என்று வார்டு முழுக்கக் கேட்கும்படி விசாரித்துவிட்டும் வந்தாள். அவள் மேல் தப்பில்லை. இயந்திரச் சத்தத்துக்கு மேல் பேசிப் பேசித் தொண்டை அப்படி ஆகிப்போனது.

அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு சபையின் பாடகர் குழுவில் சேர ஆசைப்பட்டாள். போதகர் தங்கமான மனுஷர். முடியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. கடைசி வரிசையில், ஒரு தூணுக்குப் பின்னால் நிற்க வைத்தார். தூணால் ஒன்றும் ஆகவில்லை.

அவளுடைய வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மனைவி பேசுவதில் அவர் பங்கும் சேர்ந்துவிட்டதோ என்னவோ, ஒரு நேரத்தில் இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். ஒரே மகள் கல்யாணமாகிப் போய்விட்டாள். ஞாயிற்றுக்கிழமை சபை, மற்ற நாள் லாண்ட்ரி என்று ஐம்பத்து மூன்று வயது வரை அவள் வாழ்க்கை ஒரே நேர்க்கோட்டில்தான் போனது.

அந்தச் சபையிலிருந்து வருஷா வருஷம் ஒரு குழு கடல் தாண்டிப் போகும். அங்கே சண்டையில் வீடு வாசல் இழந்து ஓடிவந்த குழந்தைகளுக்கு ஒரு விடுதி. குழந்தைகள் டாக்டர் ஒருவர், நர்ஸ் ஒருவர், கூட ஆறேழு பேர். மூன்று வாரம் தங்கி வைத்தியம் பார்த்துவிட்டு வருவார்கள். போகும்போது சபையார் கொடுத்த துணிமணிகளையும் பெட்டி பெட்டியாகக் கொண்டுபோவார்கள். அந்தத் துணியைத் துவைத்துத் தரம் பிரிக்கும் வேலை யார் தலையில் விழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

அந்த வருஷம் பெட்டிகளைத் திறந்ததும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒரு பெட்டியில் ரோமக் காலர் வைத்த குளிர்கால மேலங்கிகள். இன்னொன்றில் மணி கோத்த கல்யாண கவுன். மூன்றாவதில் பதினொரு செருப்பு, பதினொன்றும் இடது கால். முப்பது பெட்டியை அலசி, பதினெட்டைத் தேறாது என்று ஒதுக்கி வாசலில் அடுக்கிவிட்டாள். துணி சேகரித்த கமிட்டியின் தலைவியம்மாவுக்கு முகம் சிவந்துபோனது.

"அன்பா கொடுத்ததை இப்படித் தூக்கி வெளியே வைக்கலாமா? கொடுக்கறதுல என்ன குத்தம் கண்டுபிடிச்சீங்க?"

"நாம உடுத்த மாட்டோம்னு ஒதுக்கினதை அவங்க உடுத்துவாங்கன்னு யார் சொன்னா? இந்தக் கவுனை எந்தக் குழந்தைக்குப் போடறது? நீங்களே சொல்லுங்க, நான் அளவு எடுத்துக்கறேன்."

விஷயம் போதகரிடம் போனது. அவர் இரண்டு பேரையும் உட்கார வைத்து டீ கொடுத்தார். நிதானமாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"அக்கா, நீங்க சொல்றது சரியா இருக்கலாம். ஆனா அங்க உண்மையிலேயே என்ன வேணும்னு நம்ம ரெண்டு பேருக்குமே தெரியாது. போக வேண்டிய நர்ஸம்மா படியில வழுக்கிக் காலை ஒடிச்சிக்கிட்டாங்க. ஒரு இடம் காலியா இருக்கு. நீங்களே போய்ப் பார்த்துட்டு வாங்களேன்."

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். விமானத்தை அவள் ஆஸ்பத்திரி மொட்டை மாடியிலிருந்துதான் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து படபடவென்று சொல்லி முடித்தபோது வீட்டுக்காரர் ஒரு பழைய மோட்டாரைப் பிரித்துப் போட்டிருந்தார்.

"போயிட்டு வா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, அன்றைய கணக்குக்கு மேலேயே பேசினார். "அங்க யாரையும் திட்டாதே."

*

விடுதி என்பது தகரக் கூரை போட்ட இரண்டு நீளக் கூடங்கள், ஒரு சமையலறை, ஒரு சின்னத் தேவாலயம், நடுவில் செம்மண் முற்றம். அறுபத்துநாலு குழந்தைகள். ஒன்றுக்கு மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புக் கட்டில்கள். விடுதியம்மா என்று எல்லோரும் கூப்பிடும் பொறுப்பாளருக்கு வந்தவர்களின் மொழி தெரியும். இரண்டு பக்கத்துக்கும் அவர்தான் பாலம்.

முதல் நாளே டாக்டர் மரத்தடியில் மேஜை போட்டு உட்கார்ந்தார். லாண்ட்ரி அக்காவுக்கு மாத்திரையை எண்ணிப் பொட்டலம் கட்டும் வேலை. கை பொட்டலம் கட்டினாலும் கண் வரிசையில் நின்ற குழந்தைகளின் விரல்களையே பார்த்தது. விரல் இடுக்கு, மணிக்கட்டு, இடுப்பு. எல்லாமே சொறி சொறியென்று சொறிகிற இடங்கள். சில பிள்ளைகளுக்குப் புண்ணாகிச் சீழ் வைத்திருந்தது. டாக்டர் பொறுமையாக ஒவ்வொரு குழந்தைக்கும் களிம்பு தடவச் சொல்லிக் கொடுத்தார்.

"சிரங்குதானே டாக்டர்?"

"சிரங்கேதான். இது நாலாவது வருஷம். ஒவ்வொரு தடவையும் குணமாகுது. அடுத்த தடவை வந்தா மறுபடி அப்படியே இருக்கு." அவர் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

"மருந்து தடவி எந்தப் படுக்கையில படுக்க வைக்கறீங்க?"

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். "படுக்கை, துணி எல்லாம் அதே நாள்ல கொதிநீர்ல துவைக்கணும்னு முதல் வருஷமே எழுதிக் கொடுத்துட்டேன் அக்கா. ஆபீஸ் சுவத்துல ஒட்டியிருக்கு, பாருங்க."

போய்ப் பார்த்தாள். ஒட்டித்தான் இருந்தது. பிளாஸ்டிக் உறை போட்டு, பளபளவென்று, அந்த ஊரில் மூன்று பேருக்கு மட்டும் புரியும் மொழியில்.

வீட்டுக்காரர் சொன்னது நினைவுக்கு வந்ததால் திட்டாமல் நகர்ந்தாள். துவைக்கும் இடத்தைத் தேடிச் சமையலறைக்குப் பின்பக்கம் போனாள். ஒரு அடிபம்பு, ஒரு சிமெண்ட் மேடை, மூன்று பிளாஸ்டிக் வாளி. நெடுநெடுவென்று வளர்ந்த ஒருத்தி, நாற்பது வயதிருக்கும், போர்வையை முறுக்கிப் பிழிந்துகொண்டே அழகாக விசிலடித்துக்கொண்டிருந்தாள். அவள் முன்கையைப் பார்த்ததுமே லாண்ட்ரி அக்காவுக்குச் சொந்தக்காரியைப் பார்த்த மாதிரி இருந்தது. பாசம் பொங்கியதில், கேட்காமல் கொள்ளாமல், பக்கத்து வாளியில் கையை விட்டு ஒரு விரிப்பைக் கசக்கத் தொடங்கினாள்.

விசில் நின்றது. அந்தப் பெண் எழுந்து வந்து வாளியைப் பிடுங்கினாள். தண்ணீரை முற்றத்தில் கொட்டினாள். வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து கையைக் கட்டிக்கொண்டாள்.

பாஷை தெரியாவிட்டாலும் இது புரியாமல் இருக்குமா? என் கீழ்த்தளத்துக்குள் எவளாவது வந்து இயந்திரத்தின் பொத்தானை அமுக்கினால் நான் என்ன செய்வேன் என்று லாண்ட்ரி அக்கா யோசித்துப் பார்த்தாள். வாளியோடு விட்டாளே என்று தோன்றியது. தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்துவிட்டாள்.

மறுநாள் காலையில் விடுதியம்மாவைக் கூட்டிக்கொண்டு போனாள். முதலில் மன்னிப்புக் கேட்கச் சொன்னாள். அப்புறம், "இங்க துவைக்கறதுல உங்களுக்கு என்ன கஷ்டம்னு கேளுங்க" என்றாள். அவ்வளவுதான். விசிலம்மா பேசினாள் பேசினாள், அப்படிப் பேசினாள். நாலு வருஷத்துப் பேச்சு. விடுதியம்மாவின் முகம் போகப் போக வாடியது.

"என்ன சொல்றாங்க?"

"வந்து... அவ சொல்றா: 'வருஷா வருஷம் டாக்டருங்க வர்றாங்க. ஒருத்தரும் சமையலறைக்குப் பின்னாடி வந்ததில்லை. அறுபத்துநாலு பிள்ளைங்க படுக்கை, மூணு வாளி, பச்சைத் தண்ணி. கொதிக்க வெச்சுத் துவைக்கணும்னு எனக்குத் தெரியாதா? எங்க அம்மா எனக்கு அப்படித்தான் துவைச்சா. ரெண்டு பெரிய பீப்பாயும் விறகும் கொடுங்கன்னு நாலு வருஷமாக் கேட்கறேன். அதோட, பிள்ளைங்களுக்கு மட்டும் மருந்து கொடுக்கறீங்க. இதைப் பாருங்க'ன்னு."

விசிலம்மா இரண்டு கையையும் நீட்டிக் காட்டினாள். விரல் இடுக்கு பூராவும் சிரங்கு.

லாண்ட்ரி அக்காவின் குரல் தாழ்ந்துபோனது. அது அதிசயம். மெதுவாகக் கேட்டாள்: "நாலு வருஷமாக் கேட்டாங்களா? யார்கிட்ட?"

விடுதியம்மா கழுத்துத் துணியின் நுனியைப் பிடித்துக்கொண்டார். "என்கிட்டத்தான். இவ்வளவு தூரம் வந்தவங்ககிட்ட விறகு வேணும், பீப்பாய் வேணும்னு கேட்டா மரியாதையா இருக்காதேன்னு... நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

லாண்ட்ரி அக்கா சிமெண்ட் மேடையில் விசிலம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துப் பார்த்தாள். ஒட்டிக்கொள்ளுமே என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. பிறகு மரத்தடியைப் பார்த்துத் திரும்பி, ஐந்து மாடிக்கும் கேட்கும் அந்தக் குரலில் கூப்பிட்டாள்.

"டாக்டர்! கொஞ்சம் பின்னாடி வாங்க!"

டாக்டர் வந்தார். அந்தக் கைகளைப் பார்த்தார். சமையல்காரம்மாவை, தோட்டக்காரரை, விடுதியம்மாவைக்கூடக் கையை நீட்டச் சொன்னார். எல்லோருக்கும் இருந்தது, விடுதியம்மா முழுக்கைச் சட்டையால் மறைத்து வைத்திருந்தார். டாக்டர் அங்கே கவிழ்ந்து கிடந்த வாளியின்மேல் பொத்தென்று உட்கார்ந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"படிச்ச படிப்பெல்லாம் எங்க போச்சுன்னு தெரியலை அக்கா. பெரியவங்களுக்கும் சேர்த்து ஒரே நாள்ல போடணும்னு பாடத்துலயே இருக்கு. நான் குழந்தைங்க டாக்டர்னு குழந்தைங்களை மட்டுமே பார்த்திருக்கேன்."

"போனது போகட்டும். பீப்பாய் எங்க கிடைக்கும்னு கேளுங்க."

*

அடுத்த நாலு நாள் ஒரே அமர்க்களம். தண்ணீர் பிடிக்கும் இரும்புப் பீப்பாய் இரண்டு பக்கத்துத் தெருவில் கிடைத்தன. அடுப்பு எப்படிக் கட்டுவது என்று லாண்ட்ரி அக்கா வீட்டுக்காரருக்குப் போன் போட்டாள். அவர், "காத்து எப்படி?" என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டார். ஒரு மணி நேரத்தில் படம் வரைந்து அனுப்பினார்: எந்தப் பக்கம் வாய், எந்தப் பக்கம் புகைபோக்கி, பீப்பாய்க்கும் சுவருக்கும் எத்தனை விரல் இடைவெளி என்பது வரைக்கும். தோட்டக்காரர் அந்தப் படத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்காமல் அடுப்பைக் கட்டி முடித்தார். பேசாத மனுஷர்களுக்குள் ஒரு பாஷை இருக்கிறது போலிருக்கிறது.

துவைப்பு நாள் எப்படி நடக்க வேண்டும் என்பதை இரண்டு பெண்களும் மண்ணில் குச்சியால் கோடு போட்டே பேசி முடித்தார்கள். ஒரே நாளில் எல்லோருக்கும் மருந்து, பெரியவர்கள் உட்பட. அதே நாளில் கூடத்தில் இருக்கும் அத்தனை துணியும் கொதிநீரில். கொதிக்க வைக்க முடியாதது எதுவோ, அது பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் கட்டி ஒரு வாரம் தனியறையில். பூச்சி பட்டினி கிடந்து செத்துவிடும்.

கொதிக்க வைக்க முடியாதவற்றில் பொம்மைகளும் இருந்தன. அங்கேதான் சிக்கல் வந்தது.

ஏழாம் நம்பர் கட்டிலில் ஆறு வயதுப் பெண் ஒருத்தி. பேசுவது அபூர்வம். ஓடிவந்தபோது அவள் கையில் இருந்தது ஒரே ஒரு பஞ்சுப் பொம்மைதான். ஒரு கண் பித்தான், மறு கண் இருந்த இடத்தில் ஓட்டை. மற்றப் பிள்ளைகள் முணுமுணுத்துக்கொண்டே கொடுத்துவிட்டார்கள். இவள் கட்டிலுக்கு அடியில் போய்ப் பொம்மையை மார்போடு கட்டிக்கொண்டு சுருண்டுவிட்டாள். விடுதியம்மா கெஞ்சினார், டாக்டர் மிட்டாய் காட்டினார். ஒன்றும் நடக்கவில்லை.

லாண்ட்ரி அக்கா தரையில் படுத்துக் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டாள். ஐம்பத்து மூன்று வயது உடம்பு, பாதிதான் போனது. எதுவும் பேசவில்லை. தன் தோளில் இருந்த சால்வையை எடுத்தாள். மகள் தன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. அது தோளில் இல்லாமல் ஒரு நாளும் இருக்க மாட்டாள். அதைப் பைக்குள் வைத்தாள். பையின் வாயைத் திறந்தபடியே சின்னவள் பக்கம் நீட்டினாள்.

"அவ தனியாப் போக வேண்டாமாம், துணைக்கு அவங்க சால்வையும் வருதாம்" என்று விடுதியம்மா பின்னாலிருந்து மொழிபெயர்த்தார், யாரும் ஒன்றும் சொல்லாமலே.

சின்னவள் வெகுநேரம் சால்வையைப் பார்த்தாள். தொட்டும் பார்த்தாள். அப்புறம் பொம்மையை அதன்மேல் படுக்க வைத்து, சால்வையின் ஓரத்தை இழுத்துப் போர்த்திவிட்டாள். இரண்டு பேரும் சேர்ந்து பையைக் கட்டினார்கள். தனியறை வாசலில் லாண்ட்ரி அக்கா சாக்பீஸால் ஏழு கோடு போட்டாள். தினம் காலையில் சின்னவள் வந்து ஒரு கோட்டை அழிப்பாள், பைக்கு வெளியிலிருந்து பொம்மைக்கு என்னவோ சொல்லிவிட்டுப் போவாள். இரண்டாம் நாளிலிருந்து அறுபத்துமூன்று பேரும் அவள் பின்னால் வரிசையில் நின்றார்கள். பொம்மைகள் ஜெயிலில் இருக்கின்றன, இது பார்வையாளர் நேரம் என்று டாக்டர் சொன்னார்.

பைகளைக் கட்டிய அந்தத் துவைப்பு நாளன்று விடியும்போதே பீப்பாய்கள் தளதளவென்று கொதித்தன. விசிலம்மா ஒரு பீப்பாய், லாண்ட்ரி அக்கா மறு பீப்பாய். டாக்டர் கையில் ஒரு நீளக் கழி. "சும்மா கிண்டாதீங்க டாக்டர், கீழேருந்து மேலே கொண்டு வாங்க" என்று அவருக்குப் பாடம் நடந்தது. பெரிய பிள்ளைகள் பம்படித்தார்கள். சமையல்காரம்மா எல்லோருக்கும் வயிறாரச் சோறு போட்டார். "வெந்நீர்! வெந்நீர்!" என்று லாண்ட்ரி அக்கா கத்தக் கத்த, அதற்கு அவர்கள் பாஷையில் என்ன வார்த்தையோ அதைப் பிள்ளைகள் சொல்லிக் கொடுத்தார்கள். அவள் உச்சரித்த லட்சணத்தில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மத்தியானத்துக்குள் அதுவே அவள் பெயராகிவிட்டது. வெந்நீர் அக்கா.

மூன்று மணிக்கு முற்றம் முழுக்க வெள்ளை வெளேரென்று விரிப்புகள். இரண்டு பெண்களும் இடுப்பில் கை வைத்துப் பார்த்து நின்றார்கள். அப்போதுதான் விசிலம்மா மேலே பார்த்தாள். வானம் கறுத்திருந்தது.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. நேரே கொடிக்கு ஓடினார்கள். பிள்ளைகள் ஓடினார்கள், டாக்டர் கழியோடு ஓடினார். முதல் சொட்டு விழும்போது கடைசி விரிப்பு உள்ளே வந்துவிட்டது. ஆனால் எல்லாம் பாதி ஈரம். கூடத்துக்குள் கொண்டுபோக முடியாது. அங்கே அப்போதுதான் கட்டில்களைத் துடைத்திருந்தார்கள். மிச்சம் இருந்த ஒரே இடம் தேவாலயம். விடுதியம்மா ஒரு கணம் தயங்கினார். "கர்த்தர் ஒண்ணும் சொல்ல மாட்டார்" என்றாள் வெந்நீர் அக்கா, அவருடைய அனுமதியைக் கேட்டு வந்தவளைப் போல. பெஞ்சுகளின் மேல், ஜன்னல் கம்பிகளில், பிரசங்க மேடையின் இரண்டு பக்கத்திலும் விரிப்புகளைத் தொங்கவிட்டார்கள்.

அந்தி ஜெபம் அன்றைக்கு விரிப்புகளுக்கு நடுவில்தான் நடந்தது. தகரக் கூரையில் மழை கொட்டியது. பிள்ளைகள் மருந்து வாசனையோடு, சோப்பு வாசனைக்குள் உட்கார்ந்து பாடினார்கள். வரி தெரியாவிட்டாலும் ராகம் தெரிந்தது. வெந்நீர் அக்கா வாய்விட்டுப் பாடினாள். அங்கே தூண் ஏதும் கிடையாது. பக்கத்தில் விசிலம்மா அதே ராகத்தை விசிலில் பிடித்தாள். தேவாலயத்தில் விசிலடிக்கலாமா கூடாதா என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

ஏழாம் நாள் பைகளைத் திறந்தார்கள். சின்னவள் பொம்மையை எடுத்தாள். சால்வையை நாலாக மடித்து, தட்டிச் சரி பண்ணி, வெந்நீர் அக்காவின் கையில் கொடுத்தாள். மடிப்பு கொஞ்சம் கோணல். இருபத்தாறு வருஷத்தில் எத்தனையோ ஆயிரம் மடிப்பை உதறித் திரும்ப மடிக்கச் சொன்னவள், அந்த மடிப்பை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

*

திரும்பி வந்ததும் சபையில் தன் அனுபவத்தைச் சாட்சியாகச் சொல்ல மூன்று நிமிஷம் கொடுத்தார்கள். கமிட்டித் தலைவியம்மா குழந்தைகளின் புண்ணைப் பெரிதாகக் காட்டும் படங்களைத் திரையில் போடத் தயாராக வைத்திருந்தார். பார்த்தால் மனம் இளகும் என்பது அவர் எண்ணம், கெட்ட எண்ணமில்லை.

"அதைப் போடாதீங்க" என்றாள் வெந்நீர் அக்கா. "என் மகளுக்குச் சிரங்கு வந்தப்ப நான் அவளைப் போட்டோ எடுத்து யாருக்கும் காட்டலை. மூடித்தான் வெச்சேன். அவங்களும் யாரோ பெத்த பிள்ளைங்கதானே?"

தலைவியம்மா அவளை முறைத்துப் பார்த்தார். பிறகு படத்தை நிறுத்திவிட்டுப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். அவருக்கும் பேரப்பிள்ளைகள் இருந்தார்கள்.

மூன்று நிமிஷத்தில் அவள் சொன்னது இதுதான்: "அங்க துவைக்கறவங்களுக்கு நம்மளவிட எல்லாம் தெரிஞ்சிருந்தது. நாலு வருஷமா நாம அவங்களைக் கேட்கலை. வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்லை." ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

சபை உற்சாகமாகிவிட்டது. பெரிய துவைப்பு இயந்திரம் ஒன்று வாங்கி அனுப்புவோம், அதில் சபையின் பெயரைப் பொறிப்போம் என்று தீர்மானம் வந்தது. "இருங்க, கேட்டுட்டுச் சொல்றேன்" என்று அவள் போன் போட்டாள். விடுதியம்மா இந்த முறை ஒரு வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தார். மின்சாரம் பாதி நாள் இருப்பதில்லை, இயந்திரம் வந்தால் கோழிதான் அடையும், கொடிக்கு மேல் ஒரு தகரக் கூரையும், தனக்குத் துணையாகச் சம்பளத்துக்கு ஒருத்தியும் போதும் என்றாள் விசிலம்மா.

"கூரையில பேர் எங்க போடறது?" என்று தலைவியம்மா கொஞ்சம் ஏமாற்றத்தோடு கேட்டார்.

"தகரத்துல இடமா இல்லை? மேலே போடுங்க. கர்த்தர் மேலேருந்துதானே பார்க்கறார்" என்றாள் வெந்நீர் அக்கா. முதலில் சிரித்தது தலைவியம்மாதான். கூரைக்குப் பணம் போயிற்று, பெயர் இல்லாமல்.

அதற்குப்பின் ஐந்து வருஷம் வருஷா வருஷம் போனாள். இரண்டாம் வருஷம் வீட்டுக்காரரும் கூடப் போனார். தோட்டக்காரரும் அவரும் மூன்று வாரம் ஒன்றாக வேலை செய்து, மொத்தம் பத்து வார்த்தை பேசி, பிரியும்போது இருவரும் கண் கலங்கினார்கள். சிரங்கு ஒரேயடியாகப் போய்விடவில்லை; புதுப் பிள்ளைகள் வரும்போதெல்லாம் அதுவும் கூட வரும். வந்த அன்றே விசிலம்மா பீப்பாயை ஏற்றிவிடுவாள். பரவ விட்டதில்லை. மூன்றாம் வருஷம் ஏழாம் கட்டில் சின்னவளின் சித்தி ஒருத்தி உயிரோடு இருப்பதை விடுதியம்மா விடாமல் தேடிக் கண்டுபிடித்தார். பொம்மையோடு சித்தி வீட்டுக்குப் போனாள். அவளுக்கு இப்போது மூன்று தம்பிகள், அவள் வாய் ஓய்வதே இல்லை என்று கேள்வி.

ஆறாம் வருஷம் பெட்டி கட்டுகிற நேரத்தில் விசிலம்மாவிடமிருந்து செய்தி வந்தது. "இந்த வருஷம் நீ வர வேண்டாம். உனக்கு இங்க வேலை இல்லை. எல்லாம் நாங்களே பார்த்துக்கறோம்."

வெந்நீர் அக்கா கட்டிய பெட்டியைப் பிரித்துப் போட்டாள். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. லாண்ட்ரியில் நாலு பெண்களும் வாங்கிக் கட்டிக்கொண்டார்கள்.

"வேலை இல்லையாமே! என்னைப் பார்த்து வேலை இல்லைன்னுட்டா!"

வீட்டுக்காரர் கண்ணாடியைக் கழற்றினார். "நல்ல செய்திதானே?" என்றார்.

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. மறுநாள் போதகரைப் போய்ப் பார்த்து, இந்த வருஷம் தனக்கு எடுக்க இருந்த டிக்கெட்டைத் திருப்பிப் போட முடியுமா, அங்கிருந்து இங்கே, என்று கேட்டாள். போதகருக்கு அது புரிய ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் எழுந்து நின்று கையைக் குலுக்கினார்.

விசிலம்மா விடுதியம்மாவோடு வந்து இறங்கினாள். மூன்று வாரம் அவர்கள் வீட்டில் தங்கினாள். கீழ்த்தளத்து ஆறு இயந்திரங்களையும் சுற்றிச் சுற்றி வந்து, ஒன்றைத் திறந்து உள்ளே தலையை விட்டு முகர்ந்து, ரப்பர் வளையத்தில் பூஞ்சை பிடித்திருப்பதைக் காட்டிக் கொடுத்தாள். வெந்நீர் அக்காவுக்கு அவமானமாகவும் பெருமையாகவும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை சபையில் அவளுக்கு மூன்று நிமிஷம் இல்லை, இருபது நிமிஷம் கொடுத்தார்கள். தன் பிள்ளைகளைப் பற்றிச் சொன்னாள். தாங்கள் இப்போது பக்கத்து ஊரில் இன்னொரு விடுதிக்குப் போய்ப் பீப்பாய் வைத்துக் கொடுப்பதைச் சொன்னாள். விடுதியம்மா மொழிபெயர்த்தார். சபை எழுந்து நின்று கைதட்டியது.

ஆராதனை முடிந்து எல்லோரும் பின்கூடத்தில் டீயும் கேக்குமாக விருந்தாளியைச் சூழ்ந்துகொள்ளக் காத்திருந்தார்கள். விருந்தாளியைக் காணவில்லை. தேடினார்கள். சபைச் சமையலறையிலிருந்து விசில் சத்தம் கேட்டது.

தலைவியம்மா கதவைத் திறந்தார். இருக்கிற பாத்திரத்திலேயே பெரிய பாத்திரம் அடுப்பில் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. அதற்குள் சபையின் அத்தனை கைத்துடைப்புத் துணிகளும். விசிலம்மா கரண்டிக் காம்பால் கீழேயிருந்து மேலே கிண்டிக்கொண்டே, அவரைப் பார்த்து மரியாதையாக ஏதோ சொன்னாள்.

தலைவியம்மா கவலையோடு விடுதியம்மாவைப் பார்த்தார். "என்ன சொல்றாங்க?"

"கொதிக்க வைக்கணும்னு உங்களுக்கு யாரும் சொல்லலை போலிருக்கு, பரவாயில்லைங்கறா. இன்னும் ரெண்டு வாளி வேணுமாம்."

வெந்நீர் அக்கா அதற்குள் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உள்ளே போயிருந்தாள். தலைவியம்மா ஒரு கணம் வாசலில் நின்றார். கைப்பையைப் பக்கத்திலிருந்தவரிடம் கொடுத்தார். பிறகு வாளி தேடப் போனார்.